கடைசியாகப் போன விலை

அத்தியாயம் 11

எதிர்வீட்டை வாங்க வந்தவர்களில் இரண்டு பேரைப் பல்லுக்காரி ஒரே ஒரு கேள்வியால் திருப்பி அனுப்பியிருந்தாள்.

எதிர்வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு யாராவது புதுமுகம் வெளியே வந்தால், பால் வாங்கி வருகிற சாக்கில் இவள் குறுக்கே போவாள். "வீடு பிடிச்சிருக்கா? கடைசியா என்ன விலைக்குப் போச்சுன்னு பார்த்துட்டீங்களா?" என்று விசாரிப்பாள். அதோடு சரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். குட்டையில் கல்லைப் போட்டவள் அலையை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அவர்கள் பதிவு அலுவலகத்தில் போய்ப் பார்ப்பார்கள். ஆறு வருடத்துக்கு முன் அந்த வீடு கைமாறிய விலை தெரியும். இப்போது கேட்கிற விலை அதைப்போல நாலு மடங்கு. ஒருவர், "என் நெத்தியில என்ன எழுதியிருக்கு" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

விற்கிறவர் பல்லுக்காரியின் கூடப்பிறந்த அண்ணன். ஆறு வருடத்துக்கு முன் அந்த வீட்டை அவருக்கு விற்றவள் பல்லுக்காரி.

அப்பா சாகும்போது வீட்டை மகள் பேரில்தான் எழுதி வைத்தார். கடைசி வரை கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அவள். அடுத்த வருடமே அவள் புருஷன் ஓட்டிய லாரி கவிழ்ந்தது. முழங்கால் நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவளிடம் அண்ணன் வந்தார். டைல்ஸ் ஷோரூம் முதலாளி. கடன் தருவார் என்று நினைத்தாள். அவர், "வீட்டை நானே எடுத்துக்கறேன் பாப்பா" என்றார். சொன்னது அடிமாட்டு விலை.

அதோடு விட்டிருந்தால்கூட மறந்திருப்பாளோ என்னவோ. பத்திரம் எழுதிய வக்கீல், குடும்ப ஏற்பாடு என்றே எழுதிவிடலாம், செலவும் மிச்சம் என்றார். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "கிரயம்னே எழுதுங்க. சந்தை விலைன்னு போடுங்க. நாளைக்கு எவனும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார். பிறகு சொந்தக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, அவள் வாயாலேயே சொல்லவைத்தார். எனக்கு முழுத் திருப்தி. நியாயமான விலை.

அந்த ஏழு எழுத்து 'முழுத் திருப்தி' அவள் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. அன்றையிலிருந்து எதிரேயே இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாம்பு புற்றைப் பார்ப்பதுபோல.

போன வாரம் வந்த மூன்றாவது ஆள் ஓடவில்லை. ஒரு பெண்பிள்ளை. நீச்சல் கற்றுக்கொடுக்கிறவள். அகன்ற தோள், நீளக் குளத்தின் அந்தக் கோடிக்கும் கேட்கிற குரல். பல்லுக்காரி தன் கேள்வியைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டு, "பார்த்துடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று காலை போன் வந்தது.

* * *

பல்லுக்காரி என்ற பேரை வாங்கிக்கொடுத்த பல் லேபில் ஒரு கீழ்த்தாடைக்கு மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தாள். யாருடைய வாய் என்று தெரியாது. டாக்டர் அனுப்புகிற அச்சு மட்டும்தான் இங்கே வரும். கூடவே வந்திருந்த பழைய பல் செட்டின் தேய்மானத்தைப் பார்த்தால், ஆள் தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறவர் என்று தெரிந்தது.

"இவருக்கும் ஒரு அண்ணன் இருக்கணும்" என்றாள் பக்கத்து மேசையில் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தவளிடம்.

"உனக்கு எந்த வாயைப் பார்த்தாலும் உங்கண்ணன் ஞாபகம்தான்."

அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"வீடு மதிப்பீடு பண்றவன் பேசறேம்மா. பேங்க்ல இருந்து என்னை அனுப்பியிருக்காங்க. வாங்கறவங்க கடனுக்காக." குரலில் வெயிலில் அலைந்த களைப்பு. "அந்த வீட்டைக் கடைசியா வித்தது நீங்கதானே?"

"ஆமா."

"வாங்கினது உங்க அண்ணன். தகப்பன் பேர் ரெண்டு பேருக்கும் ஒண்ணுன்னு பத்திரத்துலயே இருக்கு. சாதாரணமா சொந்தத்துக்குள்ள நடந்த கிரயத்தை நான் கணக்குல எடுக்கறதில்லை. ஆனா இதுல ஒரு வரி இருக்கு. 'சந்தை மதிப்பின்படி, உறவுமுறைச் சலுகை ஏதுமின்றி, முழுத் திருப்தியுடன்'னு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை. யாரும்மா எழுதச் சொன்னது?"

"வாங்கினவர்."

"எதுக்கு?"

"அவரையே கேளுங்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "வாங்கறவங்க வக்கீலை விட விவரமா இருக்காங்க. இந்த வரியை எனக்குக் காட்டினதே அவங்கதான். தெருவுல வேற கிரயத்தோட ஒப்பிட்டுப் பார்க்கலாம்னா, உங்க தெருவுல எல்லாரும் வீட்டைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஒண்ணும் கைமாறலை. மூலையில ஒண்ணு போயிருக்கு, அது கடை."

"இப்போ நான் என்ன பண்ணணும்?"

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. எல்லாரும் இருப்பாங்க. குடும்பச் சூழ்நிலையில குறைச்சுக் கொடுத்த விலைதான்னு வித்தவங்க நீங்க சொன்னா, அதை ஒதுக்கி வெச்சிடுவேன். அவர் கேட்கற விலை கிட்டத்தட்ட நிக்கும். இல்லை, அது நிஜமான விலைதான்னா, அதை அடிப்படையா வெச்சு ஆறு வருஷத்துக்கு ஏத்துவேன். பாதியில வந்து நிக்கும்."

"வர்றேன்" என்றாள் பல்லுக்காரி.

போனை வைத்துவிட்டு மெழுகைச் சூடுபண்ணினாள். அடுத்த பல் கோணாமல் உட்கார்ந்தது. அதில் அவளுக்கே ஒரு திருப்தி. முழுத் திருப்தி இல்லை. அது சாயங்காலம்.

* * *

மத்தியானம் அண்ணன் லேபுக்கே வந்துவிட்டார்.

இந்த வேலைக்கு அவர் வைத்திருந்த பேர் 'பொக்கைவாய் சேவகம்'. கல்யாண வீடுகளில் நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிச் சிரிப்பார். இன்று அந்தச் சேவகம் நடக்கிற இடத்தில், வெள்ளைச் சட்டையோடு, பிளாஸ்டர் தூள் படிந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் தானே உட்கார்ந்தார்.

"பாப்பா."

"சொல்லுங்க."

சின்ன வயசிலிருந்து அண்ணனை அவள் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று 'நீங்க' ஆகிவிட்டது. மற்றவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள். அண்ணனுக்கு மட்டும் அது என்னவென்று தெரியும்.

"வீட்டுக்கே வரலாம்னு பார்த்தேன். ரெண்டு மாடி ஏறணுமேன்னு…"

"எங்க வீட்டுக்காரர் ஏறறார்."

அவர் முழங்கையில் ஒட்டிய தூளைத் தட்டினார். தட்டத் தட்டப் பரவியது.

"வாங்க வர்றவங்களை நீதான் கலைச்சு விடறேன்னு அண்ணி சொல்றா. நான் நம்பலை."

"நம்பலாம்."

"ஏன் பாப்பா இப்படி?"

"நான் என்ன தப்பாச் சொன்னேன்? வாங்கறதுக்கு முன்னாடி விசாரிக்கச் சொன்னேன். தேங்காய் வாங்கறவன்கூடத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கறான்."

பக்கத்து மேசைக்காரி குனிந்து பிளாஸ்டரை வேகமாகக் கலக்கினாள்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "புது ஷோரூமுக்கு இடம் பேசிட்டேன். முன்பணம் கொடுத்தாச்சு. வீடு போகலைன்னா அதுவும் போயிடும். நீ சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை சொல்லு. குடும்பத்துக்குள்ள குறைச்சுக் கொடுத்ததுன்னு. அதனால கூட வர்றதுல பாதி உனக்கு. கீழ்த்தளத்துல ஒரு வீடு பார்த்துக்கோ. மாப்பிள்ளை கால் வேற…"

"ஆறு வருஷமா மறந்துபோன கால் இன்னிக்கு ஞாபகம் வந்துடுச்சா?"

"பழசைக் கிளறாதே."

"நான் எங்கே கிளறினேன்? பழைய விலையைக் கேட்டு ஊரே உங்க வாசல்ல நிக்குது."

அவர் அவள் கையைப் பார்த்தார். அவள் கையில் சின்னக் கத்தி. மெழுகு ஈறில் அதிகப்படியை வழித்துக்கொண்டிருந்தாள். ஒரு முடி அளவு கூடினாலும் வாய் முழுக்கப் புண்ணாகும். அதனால் கண்ணை எடுக்கவில்லை.

"சரி. உனக்கு என்னதான் வேணும்?"

"நீங்க சொல்லணும். அங்கே வெச்சு. அண்ணி முன்னாடி, வாங்கறவங்க முன்னாடி. அன்னிக்குக் கொடுத்தது நியாயமான விலை இல்லைன்னு. ஏன் கொடுத்தீங்கன்னும் சேர்த்துச் சொல்லணும்."

அண்ணன் முகம் சுண்டிப்போனது. "சொன்னா?"

"சொல்லுங்க. பார்க்கலாம்."

அவர் எழுந்து போனபோது பின்புறம் முழுக்க வெள்ளை. கறுப்பு பேன்ட். தெரு முழுக்க அப்படியே நடந்துபோவார். பல்லுக்காரி கூப்பிட்டுச் சொல்லவில்லை.

* * *

லேபில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். புருஷன் வேலையிலிருந்து வந்திருந்தார். தெருவில் இன்னும் அவருக்கு டிரைவர் என்றுதான் பேர், வண்டியைத் தொட்டு ஆறு வருடம் ஆகியும். அதே லாரிக் கம்பெனியின் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வருகிற வண்டிக்கும் வெளியே போகிற வண்டிக்கும் நம்பர் குறிக்கிற வேலை இப்போது.

காலை எதிர் நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார். மடங்காத கால்.

"உங்கண்ணன் போன் பண்ணினார்" என்றார். "ஆறு வருஷத்துல முதல் தடவை. நான் எடுத்து ஹலோன்னதும், 'யாரு பேசறது'ன்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"ராங் நம்பர்னு சொல்லலாமான்னு பார்த்தேன். அப்புறம் பாவம்னு விட்டுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பாதி தர்றேங்கறார்" என்றார் டிரைவர். "வாங்கிக்கோ."

"அவர் சொல்லிக் காட்டின பேச்செல்லாம்?"

"பேச்சுக்குக் கால் கிடையாது. எனக்கு ஒண்ணரைக் கால்தான் இருக்கு. படி இல்லாத வீடு ஒண்ணு வேணும். அதுக்கு மேல எனக்கு உங்கண்ணன்கிட்ட எந்த வழக்கும் இல்லை."

"உங்க காலை வெச்சுத்தான் அவர் விலை பேசினார்."

"அதே காலை வெச்சு நீ இப்போ பழி வாங்கறே. ரெண்டு பேரும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை." குரல் உயரவில்லை. காலைக் கையால் தூக்கி இறக்கினார். "மூக்கை அறுத்துக்கிட்டாவது எதிரிக்குச் சகுனத் தடை பண்றவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நீ அறுக்கப் போறது என் மூக்கை."

பல்லுக்காரி தலையை வாரிக்கொண்டே, "நான் இன்னும் எதையும் முடிவு பண்ணலை" என்றாள்.

"உன் முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலை. உங்க வம்சத்துக்கே கூடப்பிறந்தவங்களைக் கூட வெச்சுக்கற பழக்கம் கிடையாது. உங்க அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்களாமே, ஒரு நாளாவது அவர் பேச்செடுத்து நீ கேட்டிருக்கியா?"

"அத்தைக்கும் அப்பாவுக்கும் ஏதோ மனஸ்தாபம். நான் பார்த்ததுகூட இல்லை."

"அதைத்தான் சொல்றேன்."

அவள் செருப்பை மாட்டினாள். வாசலில் நின்று திரும்பினாள். அவர் பால்கனிக்குப் போக எழுந்துகொண்டிருந்தார், மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து.

பார்க்காததுபோல் இறங்கிவிட்டாள்.

* * *

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் கால் வைத்தாள்.

அண்ணன் ஒரு நாளும் அங்கே குடியிருந்ததில்லை. வாடகைக்கு விட்டிருந்தார். தரையை மட்டும் மாற்றியிருந்தார், ஷோரூமில் விலைபோகாத டைல்ஸை வைத்து. கூடத்தில் பச்சை, நடையில் சந்தனக் கலர், சமையலறையில் மீன் படம் போட்டது. ஒரு அறையில் பாதிக்கு மேல் கல் தீர்ந்துபோய் வேறு கலர் ஆரம்பித்தது. அப்பா இருந்தபோது வழவழவென்ற சிவப்புச் சிமென்ட் தரை. நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை. தரைதானே.

மதிப்பீட்டாளர் மெலிந்த மனிதர். சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிற கருவியைப் பிடித்து ஒவ்வொரு அறையாக அளந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அண்ணி ஜன்னல் திண்டில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பல்லுக்காரியைப் பார்த்து, "வா" என்றாள். அந்த ஒரு எழுத்தில் போ என்பதும் இருந்தது.

நீச்சல்காரி கூடத்தில் இல்லை. பின்கட்டில் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கே முன்னாடி ஒரு கதவு இருந்ததா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லையே" என்றார் அண்ணன்.

"இருந்திருக்கு. அடைச்சிருக்காங்க. சத்தம் வேற மாதிரி வருது."

கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று பல்லுக்காரி நினைத்துக்கொண்டாள். இவளிடம் அண்ணன் தப்பிக்க முடியாது.

எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். நாற்காலி இல்லை. ஜன்னல் திண்டை விடாத அண்ணியைத் தவிர எல்லோரும் நின்றார்கள்.

"சீக்கிரம் முடிச்சுடலாம்" என்றார் மதிப்பீட்டாளர். "எனக்கு இன்னும் ரெண்டு வீடு பாக்கி. ஆறு வருஷத்துக்கு முன்னாடி போன விலையைப் பத்தி ரெண்டு தரப்பும் சொல்லுங்க. முதல்ல வாங்கினவர்."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "பாசத்துல குறைச்சுக் கொடுத்தா. ஒரே தங்கச்சி. அண்ணன்கிட்ட லாபம் பார்ப்பாளா?"

மதிப்பீட்டாளர் எழுதக் குனிந்தார்.

"பாசத்துல கொடுத்ததுன்னா," என்றாள் பல்லுக்காரி, "உறவுமுறைச் சலுகை ஏதுமின்றின்னு எதுக்கு எழுதச் சொன்னீங்க?"

பேனா நின்றது.

"அது வக்கீல் எழுதினது."

"வக்கீல் வேண்டாம்னார். நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

மதிப்பீட்டாளர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "சார், ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். சலுகை இருந்ததுன்னா பத்திரம் பொய். பத்திரம் நிஜம்னா விலையும் நிஜம். எதைப் போடட்டும்?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். சின்ன வயசில் கண்ணாடியை உடைத்துவிட்டு அப்பாவிடம் சொல்லாதே என்று கெஞ்சுகிற அதே பார்வை. அப்போதெல்லாம் அவள் சொன்னதில்லை.

"சொல்லுங்க" என்றாள் இப்போது.

அவர் பச்சை டைல்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மாப்பிள்ளை ஆபரேஷனுக்குப் பணம் கட்டணும். வெளியே ஆள் பார்த்து விற்க அவளுக்கு நேரம் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அந்த விலை சொன்னேன்."

"அவளே வந்து வாங்கிக்கோன்னு கெஞ்சினான்னீங்க" என்றாள் அண்ணி.

"இல்லை. நான்தான் போனேன்."

"நியாயமான விலைன்னீங்க. எங்க அப்பா கேட்டப்பகூட அடிச்சுச் சொன்னீங்க."

"இல்லை." நெற்றியைத் துடைத்தார். "பாதிகூட இல்லை. போதுமா?"

போதுமா என்பது யாரைப் பார்த்துக் கேட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஆறு வருடமாக இந்த நிமிடத்தை அவள் மெழுகில் செதுக்குவதுபோல் செதுக்கி வைத்திருந்தாள். அவர் சொல்வார், தன் வயிறு குளிரும் என்று. அவர் சொல்லிவிட்டார். குளிரவில்லை. நெருப்பில் எண்ணெய் விட்டதுபோல் இன்னும் கொஞ்சம் தூக்கி எரிந்தது. தெரிந்துதான் செய்தார். இத்தனை நாள் அது அவளுடைய சந்தேகமாக இருந்தது. இப்போது அவர் வாக்குமூலம்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் மதிப்பீட்டாளர். "அவர் சொன்னது சரிதானா?"

ஜன்னல் வழியாக எதிர்மாடி தெரிந்தது. டிரைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் பாரம் போட்டு நின்றிருந்தார். ஒரே ஒரு 'ஆமா'. படி இல்லாத வீடு.

பல்லுக்காரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். சொந்தக்காரர்கள் முன்னால் அன்று எப்படி நின்றாளோ அப்படி நின்றாள். குரலும் அதே குரல்.

"எனக்கு முழுத் திருப்தி. நியாயமான விலை."

வெளியே ஒரு ஸ்கூட்டர் கிளம்பாமல் உறுமிக்கொண்டே இருந்தது.

"பாப்பா" என்றார் அண்ணன். "நான் சொல்லிட்டேனே. நீ கேட்டபடியே சொன்னேனே."

"சொன்னீங்க."

"நீ சொல்றேன்னியே."

"பார்க்கலாம்னுதானே சொன்னேன். பார்த்துட்டேன்."

மதிப்பீட்டாளர் பேனாவை மூடினார். "வாங்கினவர் ஒண்ணு சொல்றார், வித்தவங்க ஒண்ணு சொல்றாங்க. பத்திரம் வித்தவங்க பக்கம் பேசுது. நான் பத்திரத்தோட போறேன்." கருவியைப் பையில் வைத்தவர், போகிற போக்கில் அண்ணனிடம், "அந்த ஒரு வரியை எழுதாம விட்டிருக்கலாம் சார்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அண்ணி எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். "வீட்டை நீங்களே பூட்டிச் சாவியை எடுத்துட்டு வாங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, காரில் ஏறாமல், பஸ் நிறுத்தம் இருக்கிற பக்கமாக நடந்துபோனாள்.

அண்ணன் அரைகுறை டைல்ஸ் போட்ட அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் சாவிக்கொத்து சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

* * *

கேட்டைத் தாண்டி வந்தவளை நீச்சல்காரி பின்னாலேயே வந்து பிடித்தாள்.

"ஒரு நிமிஷம்."

"விலை குறைஞ்சிருச்சு. சந்தோஷமா வாங்கிக்கோங்க" என்றாள் பல்லுக்காரி. அவளுக்கு இப்போது யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. மேலே ஏறிப் போய்ச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

"அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, கடைசியாப் போன விலையைப் பார்த்தீங்களான்னு. நல்ல கேள்வி. ஆனா அதுக்கு முன்னாடியே நான் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"விவரமானவங்கதான்."

"நீங்க ஒரு விலையோட நிறுத்திட்டீங்க. நான் அதுக்கு முந்தின விலையையும் பார்த்தேன்."

பல்லுக்காரி நின்றாள். "எங்க அப்பா வாங்கினதா?"

"ஆமா. அதுவும் அந்தக் காலத்துக்கு அடிமாட்டு விலைதான். வித்தது ஒரு பொம்பளை. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான், கையில குழந்தை. வாங்கினது அவங்க கூடப்பிறந்த அண்ணன்."

குளத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல் இப்போது பக்கத்தில் நிற்கிறவளுக்கு மட்டும் கேட்டது.

"பின்கட்டுல அடைச்ச கதவு இருக்குல்ல. அது வழியாத்தான் துணி காயப்போடப் போவாங்களாம் எங்க அம்மா. போன மாசம்தான் சொன்னாங்க. அந்தக் கைக்குழந்தை நான்."

பல்லுக்காரி அவள் முகத்தில் அப்பாவின் தாடையைத் தேடினாள். எத்தனையோ வாயைப் பார்த்தவள். இந்தத் தாடையை அடையாளம் காணாமல் விட்டிருந்தாள்.

"அத்தை… இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. ஞாபகமும் நல்லா இருக்கு. அதுதான் தொல்லை." நீச்சல்காரி தெருவைப் பார்த்தாள், எதிர்மாடியைப் பார்த்தாள். "உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. 'முழுத் திருப்தி'ன்னு நாலு பேர் முன்னாடி அந்தப் பொண்ணையும் சொல்ல வெச்சானா அவ அண்ணன்னு. கேட்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. நீங்களே சொல்லிட்டீங்க. உங்க அப்பா சொல்ல வெச்சதை எங்க அம்மா அப்படியே சொல்லிக் காட்டற மாதிரி."

அண்ணனுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து கிடைத்தது என்று ஆறு வருடத்தில் ஒருதரம்கூட அவள் யோசித்ததில்லை.

"அப்போ உங்க அம்மாவுக்கு எங்க அண்ணன் மேலதான்…"

"உங்க அண்ணன் காசு கொடுத்து வாங்கினவர். குறைச்சலோ கூடவோ, கொடுத்தார்." நீச்சல்காரி சிரிக்கவில்லை. "அந்த வீட்டை ஒரு பைசா கொடுக்காம வாங்கிக்கிட்டது நீங்கதானாமே. அம்மாவுக்கு முதல்ல பார்க்க வேண்டியது உங்களைத்தான். நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன். ரெண்டு மாடின்னு சொன்னேன். ஏறியே தீருவேன்னு உட்கார்ந்திருக்காங்க."

சொல்லிவிட்டு, நீந்துகிறவர்கள் கரையேறிப் போவதுபோல் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மேலேயிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சு? யாரு அந்தப் பொம்பளை?"

"அத்தை பொண்ணு" என்றாள் பல்லுக்காரி.

அவருக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்து மறுபடி கேட்டார்.

ஏறிப் போய்த்தான் சொல்ல வேண்டும்.